நுரையைப் பார்த்து சோப்பு வாங்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு வந்த வீட்டுக் குறிப்புகளில், நுரை நன்றாகப் பொங்கினால் அது தரமான சலவைத்தூள் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. முன்பக்கம் கதவு வைத்த மெஷினில் துணி மேலே போய்ப் போய் விழுந்தால்தான் அழுக்கு கழலும். நுரை கூடிப்போனால் மெத்தையில் விழுகிற மாதிரிதான் விழும். அதனாலேயே அந்த மெஷினுக்கான திரவங்களில் நுரையை வேண்டுமென்றே அடக்கி வைக்கிறார்கள்.

பள்ளி விடுமுறையில் மகளும் நானும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தோம். என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் ஐந்து துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சாம்பார், கொஞ்சம் தே தாரிக் (ஆற்றிய பால் டீ), நாலு சொட்டு நல்லெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டோம். ஒன்றுக்குப் பார் சோப்பு, ஒன்றுக்குப் பொடி, இரண்டுக்கு இரண்டு வகைத் திரவம், ஐந்தாவதுக்கு வெறும் தண்ணீர். வாளியும் தண்ணீரும் நேரமும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு.

பார் சோப்பு தேய்த்ததுமே மஞ்சள் கறை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது, மகள் துணி பாழாகிவிட்டதென்று கத்தினாள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே கதைதான். சோப்பில் இருக்கும் காரம் அப்படிச் செய்கிறது, அலசினால் இறங்கிவிடும். நாங்கள் உண்மையில் ஏமாந்தது வேறு இடத்தில். ஐந்தையும் மூங்கில் கழியில் கோத்து வெளியே நீட்டிவிட்டு சாயந்திரம் எடுத்தால், வெறும் தண்ணீர்த் துண்டிலும் மஞ்சள் பாதி போயிருந்தது! வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும் என்பது பாட்டிக்குத் தெரிந்த விஷயம், எனக்குத்தான் மறந்துவிட்டது. சரி என்று வேட்டியின் மிச்சத்தில் மறுபடி செய்து வீட்டுக்குள்ளேயே காய வைத்தோம். எண்ணெய்க் கறையில் 16 வெள்ளி விலையுள்ள திரவப் போத்தல் 5 வெள்ளி விலையுள்ள பொடியிடம் தோற்றது.

அப்புறம் மகள் இருட்டில் புற ஊதா டார்ச்சை அடித்துக் காட்டினாள். எல்லாத் துண்டும் நீலமாக மின்னின, வெறும் தண்ணீரில் அலசியதும்தான். இத்தனை வருடம் போட்ட பொடிகளில் இருந்த ஒளிர்பொருள் அந்தப் பழைய வேட்டியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. விளம்பரத்தில் காட்டும் 'பளிச்' வெண்மையில் பெரும்பங்கு இதுதான், அழுக்கு போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாளிச் சோதனையில் இதற்கு மேல் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரி கறையேற்றிய துணிகளைத் துவைத்து, துவைப்பதற்கு முன்னும் பின்னும் துணி எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று கருவியால் அளப்பார்கள். கண்ணால் பார்த்து, மோந்து பார்த்து முடிவு செய்வது நம் வேலை! உறையைப் படித்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால், அதுவும் எல்லாவற்றிலும் முடியாது. இங்கே சிங்கப்பூரில் தேக்கா கடைகளில் வாங்கும் இந்தியக் குளியல் சோப்பின் உறையில் 'டிஎஃப்எம் 76%' என்று இருக்கும், மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது, அதாவது சோப்பில் அசல் சரக்கு எவ்வளவு என்று. 76க்குக் குறைந்தால் அங்கே முதல் தரம் கிடையாது. ஐரோப்பாவில் விற்கும் சலவைத் திரவத்தில் அழுக்கு நீக்கும் பொருள் '5 முதல் 15 சதவீதம்' என்கிற மாதிரியாவது போட்டாக வேண்டும், 2004ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. நான் 16 வெள்ளி கொடுத்த போத்தலில் பூப்படமும் எத்தனை சலவைக்கு வரும் என்ற கணக்கும் இருந்தன, உள்ளே சரக்கு எவ்வளவு என்று எங்கேயும் இல்லை.

பயனீட்டாளர் சங்கம் கடைகளிலிருந்து பத்துப் போத்தலை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பட்டும், முடிவைப் பெயரோடும் விலையோடும் நீங்கள் போடுங்கள். முதலில் அந்த நுரை வரிக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

ஒரு வாசகி,
ஈசூன்