கரையோரச் சபை உறுப்பினர்களே, கூரை ஏறும் நாளிலும் வாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோர மாநகர, நகர, பிரதேச சபைகளின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

வீட்டுப் படம் கீறிக் கொடுப்பது என் தொழில். என் மேசைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி மகளுக்குக் கட்டும் வீடுதான். அதனால் உங்கள் அலுவலகப் படிகளை உங்களில் பலரை விட நான் அதிகம் ஏறியிருப்பேன். பழைய சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே தேர்தலுக்குப் பிறகு புதியவர்கள் வந்து உட்காரும் வரை, செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைத்தார்கள். இப்போது கேட்பதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். கட்டட அனுமதி கொடுக்கும் சபை, அந்த வீடு எழும்பும்போது மூன்று தடவை வந்து பார்க்க வேண்டும்: அத்திவாரம் வெட்டிக் கம்பி கட்டியதும், சுவரின் தலையில் ஓடும் மேல் பீமுக்குக் கொங்கிறீட் போடுவதற்கு முன், கூரை ஏறும் நாளில்.

இப்போது ஒரு படம் வந்தால் என்ன பார்க்கிறீர்கள்? நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ் பிரகடனம் செய்யப்பட்ட பகுதி என்றால் அதன் ஒழுங்குவிதிகள். 1986இல் வந்த விதிகளின் இடத்துக்கு 2021 ஜூலையில் புதியவை வர்த்தமானியில் வெளிவந்தன. அந்தப் பகுதிக்கு வெளியே என்றால், 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எதன்படி பார்த்தாலும் நடப்பது ஒன்றுதான். உறுதி சரியா, அளவைப் படம் சரியா, சோலை வரி கட்டியாயிற்றா, வீதிக் கோடு எங்கே, பின்பக்கம் எவ்வளவு விட்டிருக்கிறது, நிலத்தில் எத்தனை வீதம் கட்டடம். எல்லாம் அளவுநாடா வேலை.

கடலுக்கு 300 மீற்றருக்குள் என்றால் கரையோரத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 2011 திருத்தத்துக்குப் பிறகு வாவிக் கரைக்கும் அதன் கை நீண்டிருக்கிறது. சுனாமிக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று கட்டத் தடை போட்டு, பிறகு தளர்த்தினார்களே, நாவலடியிலும் மருதமுனையிலும் அதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் தூரக் கணக்குத்தான். எங்கே கட்டுகிறாய் என்று எல்லாச் சட்டமும் கேட்கிறது. எப்படிக் கட்டுகிறாய் என்று வந்து பார்க்க ஆளில்லை.

இந்தக் கரையில் அது சின்ன விஷயம் இல்லை. 1978 நவம்பர் 23 இரவு என்ன நடந்தது என்று அறுபது வயது தாண்டிய யாரிடமும் கேளுங்கள், ஓடும் தகடும் எந்தப் பக்கம் பறந்தது என்றுகூடச் சொல்வார்கள். அந்தச் சூறாவளிக்குப் பிறகுதான், பலத்த காற்றுக்குத் தாங்கும்படி கட்டடம் வடிவமைப்பது பற்றி 1980இல் அரசு ஒரு கைநூல் வெளியிட்டது. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. நமது கரை வலயம் 1. சாதாரணக் கட்டடத்துக்கு இங்கே எடுக்க வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 176 கிலோமீற்றர். கொழும்பு இருக்கும் வலயம் 3இல் அது 33 மீற்றர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே நம் வீட்டுக் கூரை தாங்க வேண்டிய காற்று, கொழும்புக் கூரை தாங்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

நம் ஊரில் பிறந்த அறிவு இது. ஆனால் நான் இதுவரை நிரப்பிய விண்ணப்பங்களில் காற்றைப் பற்றி ஒரு கேள்வியைக்கூடக் கண்டதில்லை. கைபேசியில் கொழும்புப் பக்கத்து வீடொன்றின் படத்தைக் காட்டி "இதே மாதிரிக் கீறுங்க தம்பி" என்றுதான் வருகிறார்கள். முன்னால் நாலு அடி நீட்டிய கூரை, சரிவே இல்லாத தகடு. பார்க்க அழகுதான், நானும் மறுக்கவில்லை. நீட்டிய கூரைக்குக் கீழே காற்றுப் புகுந்து தள்ளும், தாழ்ந்த சரிவுக்கு மேலே காற்று உறிஞ்சும். கூரை விழுவதில்லை, தூக்கி எடுபட்டுப் போகிறது. அதைப் பிடித்து வைப்பது சுவரின் பாரம் அல்ல. மேல் பீமுக்குள் இடைக்கிடை விட்டு, கூரை மரத்தோடு முறுக்கிக் கட்டும் கம்பியோ போல்ற்றோதான். வீட்டுச் செலவோடு பார்த்தால் அது ஒரு காசே இல்லை. கொங்கிறீட் இறுகிய பிறகோ அதை உள்ளே விட முடியாது. பூசி, வெள்ளையடித்து, சீலிங்கும் அடித்த பிறகு உள்ளே கம்பி இருக்கிறதா என்று உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தராலும் சொல்ல முடியாது. மூன்று வருகையில் நடுவில் உள்ளதை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகத்தான்.

முதல் வருகைக்கு வேறு காரணம். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தமிழரோ முஸ்லிமோ இதில் வித்தியாசமில்லை. தாயின் வளவில் மூத்தவளுக்கு முன்துண்டு, அடுத்தவளுக்குப் பக்கத்துத் துண்டு, கடைசியாளுக்குத் தாய் இருக்கும் வீடு. 20 பேர்ச் வளவு மூன்றாகும்போது, பாதைக்கு விட்டது போக ஆளுக்கு ஆறு பேர்ச் தேறினால் பெரிய காரியம். ஒழுங்குவிதி கேட்கும் ஆகக்குறைந்த அளவும் 150 சதுர மீற்றர், கிட்டத்தட்ட அதே ஆறு பேர்ச். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே ஆறு பேர்ச் ஆடம்பரம்.

சரி, ஆறு பேர்ச்சே இருக்கட்டும். 33 அடிக்கு 50 அடி என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 2.3 மீற்றர், ஏழரை அடி விட வேண்டும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகக் கேட்பது 50 அடி. ஒன்றை ஒரு மூலையிலும் மற்றதை எதிர் மூலையிலும் போட்டால் தாளில் சரியாக வரும், கையெழுத்தும் விழும். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கையின் கிணறு அந்தத் தாளில் இல்லை. தங்கையின் படம் வரும்போது அக்காவின் குழியும் அதில் இருக்காது. மணல் நிலம் இது, மாரியில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். இரண்டு படமும் சட்டப்படி சரி, இரண்டு கிணறும் நாசம். அத்திவாரம் வெட்டும் நாளில் ஒருவர் வந்து மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் இது ஐந்து நிமிட வேலை. அதே வருகையில், நிரப்பிய வயலில் வீடு எழும்புகிறதா என்பதும் தெரிந்துவிடும். வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். தண்ணீர் போகும் வழியை அடைத்தால் என்னவாகும் என்று காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போதைய முறையில் சபை வீட்டுக்கு வருவது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான். மகனோ மருமகனோ வங்கிக் கடனுக்குப் போவார். அங்கே, அனுமதித்த படத்தின்படியே வீடு கட்டப்பட்டது என்று சபை கொடுக்கும் இணக்கச் சான்றிதழைக் கேட்பார்கள், எல்லாரும் சி.ஓ.சி. என்று சொல்லும் அந்தக் கடதாசியை. அப்போதுதான் அனுமதி எடுக்காமலே கட்டியது தெரியவரும். உடனே கவரிங் அப்ரூவல், அதாவது கட்டிய பிறகு எடுக்கும் அனுமதி, அதற்கொரு கட்டணம். கட்டினால் பிழை சரியாகிவிடுகிறது, தாளில். அனுமதியில்லாக் கட்டடத்துக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் இடிப்புக் கட்டளை கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. மகளுக்குக் கொடுத்த வீட்டை இடிப்பதற்கு எந்த உறுப்பினரும் கை உயர்த்தப் போவதில்லை, உயர்த்தவும் கூடாது. அப்படியென்றால் இடிக்க வேண்டிய நிலை வருவதற்கு முன்பே வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். உண்மைதான். ஆனால் இது இந்த மண்ணில் நடந்த காரியம். போருக்குப் பிறகு இந்திய அரசின் பணத்தில் நடந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் பயனாளிக்கு 550,000 ரூபா மொத்தமாகக் கையில் வரவில்லை. அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டத்தையும் வந்து பார்த்துத்தான் அடுத்த தவணையை விட்டார்கள். வீட்டுக்காரரே மேசனைப் பிடித்துக் கட்டிய வீடுகள்தான் அவையும். அங்கே பணம் கையில் இருந்ததால் சொல் எடுபட்டது. உங்கள் கையில் சி.ஓ.சி. இருக்கிறது. மூன்று வருகையும் முடிந்தவருக்கு அதை உடனே, மறுபடி அலைய விடாமல் கொடுங்கள். சனம் தானாகவே வரும்.

இதில் எனக்கொரு பயமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். மூன்று வருகை என்றால் மூன்று தடவை தேநீர்க் காசு என்று ஆகிவிடக் கூடாது. ஆகவே நிபந்தனையை இப்படி எழுதுங்கள்: வீட்டுக்காரர் முன்கூட்டி அறிவித்து மூன்று நாளுக்குள் சபையிலிருந்து யாரும் வராவிட்டால், கம்பியைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அவர் வேலையைத் தொடரலாம். கொங்கிறீட் போட ஆள் பிடித்து, மிக்சர் வாடகைக்கு எடுத்து வைத்திருப்பவரை ஒரு கிழமை காக்க வைப்பது பாவம்.

மேசன்மாரைக் குறை சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம். 2014ஆம் ஆண்டின் நிர்மாணத் தொழில் அபிவிருத்திச் சட்டம் கைவினைஞர் பதிவு, அடையாள அட்டை என்றெல்லாம் பேசுகிறது. நான் பழகும் மேசன்மார் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. கம்பி விடச் சொல்லிக் காட்டினால் விடுவார்கள். இதுவரை காட்டியவர்தான் இல்லை.

வரவு செலவுத் திட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அனுமதிப்பத்திரத்தில் மூன்று வரி நிபந்தனை சேர்ப்பதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. எல்லாச் சபையும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். மாரிக்கு முன் கூரை ஏற்றிவிட வேண்டும் என்று ஆவணி, புரட்டாதியில்தான் ஆட்கள் ஓடுப்படுவார்கள். அந்த இரண்டு மாதமும் ஏதாவது ஒரு சபை செய்து பார்க்கட்டும். மேல் பீமில் கம்பி எங்கே, எப்படி விட வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில், மேசனுக்குப் பார்த்ததும் விளங்கும் விதத்தில் நான் காசில்லாமல் கீறித் தருகிறேன். அதை ஒரு பொறியியலாளரிடம் காட்டிச் சரிபார்த்து, ஒவ்வொரு அனுமதிப்பத்திரத்தோடும் இணைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
படம் கீறும் ஒருவன்,
கல்லடி, மட்டக்களப்பு.