போர்டைக் கண்டம் செய்யும் முன்: எம்பெடட் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எம்பெடட் ஆய்வகங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கும், அவற்றுக்குப் பொருள் வாங்கும் கொள்முதல் குழுவினருக்கும் வணக்கம்.

சீரியல் கன்சோலில் (போர்டு வயர் வழியாக அனுப்பும் எழுத்தைக் கணினியில் காட்டும் திரை) எழுத்து வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி போர்டு எதையும் பயனற்றது என்று கண்டம் செய்யாதீர்கள். கணினிக்கும் போர்டின் பின்னுக்கும் (இணைப்பு முனைக்கும்) இடையில் கேபிள், யுஎஸ்பி-சீரியல் அடாப்டர், டிரைவர், அனுமதி, வயரிங், வேகம் என்று ஆறு இடங்களில் கோளாறு வரலாம். அந்த ஆறையும் பார்த்த பிறகே போர்டின் மேல் பழி போட வேண்டும்.

லினக்ஸ் கணினியில், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தரும் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையை ஓடவிட்டு அடாப்டரைச் செருகச் சொல்லுங்கள். ஒரு வரிகூட வரவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் செய்ய மட்டும் வரும் கேபிள்களில் டேட்டா வயர் இரண்டும் இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கு எதுவும் தெரியாது. அடாப்டரின் எண் மட்டும் வந்து போர்ட் பெயர் வரவில்லை என்றால் டிரைவர் இல்லை. சாதாரண லினக்ஸ் கணினிகளில் சிஎச்340, சிபி2102, எஃப்டி232 என்னும் அடாப்டர் சிப்கள் மூன்றுக்கும் டிரைவர் உள்ளேயே உண்டு. ரவுட்டர்களுக்கான ஓபன்டபிள்யுஆர்டி லினக்ஸ் போல இடம் சுருக்கியவற்றில் அதற்கான மாட்யூலை (டிரைவர் கோப்பை) தனியாக நிறுவ வேண்டும்.

உபுண்டு 22.04 போட்ட ஆய்வகங்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சிஎச்340 அடாப்டரைச் செருகியதும் டிடிஒய்-யுஎஸ்பி0 என்று போர்ட் பெயர் வரும், அடுத்த நொடியே இணைப்பு அறுந்ததாக இன்னொரு வரி வரும். அதைப் பிடுங்கிக்கொள்வது பிஆர்எல்டிடிஒய் என்னும் பிரெயில் திரை மென்பொருள். ஒரு பிரெயில் கருவியும் சிஎச்340இன் 1ஏ86:7523 என்ற அதே யுஎஸ்பி எண்ணோடு வருவதால் அடாப்டரை அந்தக் கருவி என்று அது எடுத்துக்கொள்கிறது. இணையத்தில் எல்லோரும் அந்த மென்பொருளை நீக்கிவிடச் சொல்கிறார்கள். பிரெயில் திரை தேவைப்படாத கணினியில் அது சரி. பார்வையற்ற மாணவர் உட்காரும் கணினியில் அப்படிச் செய்வது அவருடைய கணினியையே பறிப்பதற்குச் சமம். அங்கே யுடெவ் (செருகும் கருவிகளைக் கையாளும் லினக்ஸ் பகுதி) விதிக் கோப்பில் அந்த எண் உள்ள பகுதியை மட்டும் முடக்கினால் போதும். அவருடைய கருவியே அந்த எண்ணில் வருகிறதா என்று முன்னதாகப் பாருங்கள். அப்படியானால் விதியைத் தொடாமல் அடாப்டரை வேறு கணினிக்கு மாற்றுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் மாணவரின் கணக்கை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி நுழையச் சொல்லுங்கள். போர்ட் கோப்புக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுப்பது பயன் தராது. அடாப்டரைக் கழற்றிச் செருகினால் அந்தக் கோப்பு புதிதாகப் பிறக்கும், அனுமதி பழையபடி ஆகிவிடும்.

அடுத்தது லூப்பேக் சோதனை. போர்டிலிருந்து வயர்களை எடுத்துவிட்டு, அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) பின்களை ஒரு ஜம்பர் வயரால் இணையுங்கள். பிக்கோகாம் என்னும் சீரியல் மென்பொருளைத் திறந்து தட்டினால், தட்டிய எழுத்து திரையில் வர வேண்டும். பிறகு ஜம்பரை எடுத்துவிட்டும் தட்டிப் பாருங்கள். அப்போதும் எழுத்து வந்தால், தட்டியதை மென்பொருளே திரையில் காட்டும் லோக்கல் எக்கோ போட்டிருக்கிறது, சோதனை செல்லாது. ஜம்பரோடு வந்து, எடுத்தால் நின்றால், கேபிள், டிரைவர், அடாப்டர் மூன்றும் நலம். மினிகாம் என்னும் இதே வகை மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை (தனி வயரில் அனுமதிச் சைகை வரும்வரை காத்திருக்கும் முறையை) அணைக்க மறக்கக் கூடாது. அது இயங்கினால் போர்டு அனுப்புவது தெரியும், நாம் தட்டுவது போகாது.

போர்டில் மாட்டும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். சும்மா இருக்கும்போது டிஎக்ஸ் பின் உயர்நிலையில் நிற்கும். கிரவுண்டோடு சேர்த்து அளந்தால் 3.3 வோல்ட் காட்ட வேண்டும். 5 காட்டினால் ராஸ்பெர்ரி பையில் மாட்டாதீர்கள், அதன் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்காது. அடாப்டரில் 3.3, 5 என்று எழுதிய ஜம்பரை நம்பி அளக்காமல் விடவும் கூடாது. மலிவான சிலவற்றில் அது விசிசி (மின்சாரம் தரும்) பின்னின் வோல்ட்டை மட்டுமே மாற்றும், டிஎக்ஸ் அப்படியே இருக்கும். ஒன்பது பின் டிபி9 முனையோடு வரும் ஆர்எஸ்-232 (பழைய சீரியல் முறை) அடாப்டரில் இதே இடத்தில் மைனஸ் வோல்ட் காட்டும். நடுவில் வோல்ட்டை மாற்றித் தரும் மேக்ஸ்3232 சிப் இல்லாமல் அதை நேராகக் கொடுத்தால் போர்டு உண்மையிலேயே போய்விடும்.

வயர் மூன்று போதும். ராஸ்பெர்ரி பை 3, 4 போர்டுகளில் 6ஆம் பின் கிரவுண்ட். 8ஆம் பின் அடாப்டரின் ஆர்எக்ஸுக்கு. 10ஆம் பின் அடாப்டரின் டிஎக்ஸுக்கு. போர்டுக்குத் தனி பவர் இருக்கும்போது விசிசி வயரைத் தொட வேண்டாம். பவரை அணைத்த பிறகும் போர்டின் எல்இடி மங்கலாக எரிந்தால் அடாப்டரின் டிஎக்ஸ் வழியாக மின்சாரம் கசிகிறது என்று பொருள். அந்த நிலையில் மறுபடி பவர் கொடுத்தால் சிப் சரியாக ரீசெட் ஆகாமல் நின்றுவிடலாம். வயரைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

குப்பை எழுத்து வந்தால் வேகத்தையும் கிரவுண்ட் வயரையும் பாருங்கள். ராஸ்பெர்ரி பை கன்சோலின் வேகம் 115200 (வினாடிக்கு இத்தனை பிட்). பை 3, 4 போர்டுகளில் இந்தப் பின்களுக்கு வரும் மினி யுஆர்ட் என்னும் சீரியல் சுற்றின் வேகம் கோர் கடிகாரத்தைப் பொறுத்தது; போர்டின் கான்ஃபிக் கோப்பில் enable_uart=1 என்று வைத்தால்தான் அது நிலைக்கும். 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்ட இஎஸ்பி8266 வைஃபை சிப் தொடங்கும்போது 74880இல் பேசும். அந்த முதல் சில வரிக் குப்பை கோளாறு இல்லை.

கொள்முதல் குழுவினருக்கு: கொட்டேஷனில் "யுஎஸ்பி டு சீரியல்" என்று மட்டும் எழுதாதீர்கள். 3.3 வோல்ட் டிடிஎல் (சிப் பின்னுக்கு நேராகக் கொடுக்கும் வகை) என்றும் சிப்பின் பெயரையும் எழுதுங்கள். போலி சிப் வாங்கினால் பின்னால் சிக்கல் வரும். 2014இல் எஃப்டி232 சிப்பைத் தயாரிக்கும் எஃப்டிடிஐயின் விண்டோஸ் டிரைவர் போலி சிப்களின் பொருள் எண்ணைப் பூஜ்யமாக்கியது. பலருடைய அடாப்டர்கள் செயலிழந்தன. ஒரே கணினியில் பல அடாப்டர்கள் மாட்டுவதானால் வரிசை எண் உள்ள சிப் நல்லது. சிஎச்340ஜியில் அது கிடையாது, ஆகவே எந்த யுஎஸ்பி துளையில் செருகினோம் என்பதை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.

கண்டம் செய்யும் படிவத்தில் இரண்டு கட்டங்களைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்: லூப்பேக் சோதனையின் முடிவு, டிஎக்ஸ் பின்னில் அளந்த வோல்ட். இரண்டும் நிரம்பாத படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
சீரியல் கன்சோலோடு வேலை செய்பவர்கள்