டிரைவைக் கழற்றுவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பி,

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவைப் புதிதாகப் போட்டும் அதே டிரிப் வருகிறது, ஃபால்ட் காட்டித் தானே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். அதுவும் பழுது என்று முடிவு கட்டிவிடாதே. எப்போது டிரிப் ஆகிறது என்று நீ சொல்லவே இல்லையே! ஸ்டார்ட் ஆகும்போதா, ஓடும்போதா, நிற்கும்போதா? எனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

ரீசெட் பட்டனில் கை வைக்காமல் டிரைவின் ஃபால்ட் ஹிஸ்டரியை, அதாவது பழைய ஃபால்ட்களின் பதிவைத் திற. டிரிப் ஆன கணத்தின் ஆம்பியர், ஃப்ரீக்வென்சி, டிசி பஸ் (டிரைவுக்குள் ஏசியை டிசியாக்கித் தேக்கும் பகுதி) வோல்டேஜ் மூன்றும் பல டிரைவ்களில் பதிவாகியிருக்கும். குறித்து வை.

நிறுத்தும்போது ஓவர்வோல்டேஜ் வந்தால் டிரைவ் மேல் பழி போடாதே. 415 வோல்ட் சப்ளையில் டிசி பஸ் சுமார் 587 வோல்ட்டில் நிற்கும். கனமான ஃபேனைச் சில நொடிகளில் நிறுத்தச் சொன்னால், சுற்றும் வேகத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். சாதாரண டிரைவில் இருப்பது டயோட் ரெக்டிஃபையர், ஒரே திசையில்தான் மின்சாரத்தை விடும். வந்த வழியே லைனுக்குப் போக முடியாமல் அத்தனையும் டிசி பஸ்ஸின் கெப்பாசிட்டரில் ஏறும். டிஸ்ப்ளேயில் டிசி பஸ்ஸை வைத்துக்கொண்டு ஸ்டாப் கொடுத்துப் பார்: 620, 680, 740 என்று எண் ஏறுவது கண்ணுக்கே தெரியும். 800ஐ ஒட்டிப் பெரும்பாலும் டிரிப். டிசெல் டைமை, அதாவது வேகம் குறைந்து நிற்க விடும் நேரத்தைக் கூட்டு. வேலைக்கு அது ஒத்துவராது என்றால் திரும்பி வரும் மின்சாரத்தை வெப்பமாக்கிவிடும் பிரேக்கிங் ரெசிஸ்டர் போடு. நானும் ஒருமுறை இதே ஃபால்ட்டுக்கு ஒரு நல்ல டிரைவைக் கழற்றிவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஸ்டார்ட்டிலேயே ஓவர்கரண்ட் என்றால் கதை வேறு. சப்ளையை நிறுத்து, லேபிளில் போட்டிருக்கும் நிமிடங்கள் காத்திரு, பிறகும் டிசி பிளஸ், மைனஸில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடு. அந்த கெப்பாசிட்டர் ஆளையே கொன்றுவிடும். மோட்டாருக்குப் போகும் யூ, வி, டபிள்யூ வயர்கள் மூன்றையும் கழற்றி, வி/எஃப் மோடில் (ஃப்ரீக்வென்சிக்கு ஏற்ப வோல்டேஜை மட்டும் கொடுக்கும் மோடு) மோட்டார் இல்லாமல் ஓட்டு. அப்போதும் டிரிப் ஆனால் டிரைவில் கோளாறு. ஆகாவிட்டால் கேபிளை, மோட்டாரை, மாட்டியிருக்கும் லோடைப் பார். இன்சுலேஷனைச் சோதிக்க அதிக வோல்டேஜ் கொடுக்கும் மெக்கரைப் போடும்போது கேபிள் டிரைவில் இருக்கவே கூடாது. இருந்தால் டிரைவுக்குள் மின்சாரத்தை ஸ்விட்ச் செய்யும் ஐஜிபிடி போய்விடும்.

நீண்ட நேரம் ஓடிய பிறகு டிரிப் என்றால் மோட்டார் உடம்பைத் தொட்டுப் பார். குறைந்த வேகத்தில் ஷாஃப்ட்டில் இருக்கும் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், காற்று போதாது.

இன்று ஷிஃப்ட் முடிவதற்குள் டிரிப் ஆன நேரத்து பஸ் வோல்டேஜ், இப்போதுள்ள டிசெல் டைம் இரண்டையும் எழுதி அனுப்பு. அதுவரை பழைய டிரைவைக் கழிவில் போடாதே.

அன்புடன்,
அண்ணன்