பிங்க் ஃபிளாய்ட் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரசிகர்களே,

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் முதல் ஆல்பமான 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், எல்.எஸ்.டி. போதை, குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான சிட் பாரெட்டின் மனம் பேதலித்தது, பாவம் என்று ஆரம்பித்துவிடுகிறோம். பாட்டு ஓரத்தில் நிற்கிறது. தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விடுங்கள்.

1967 பிப்ரவரியில் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு தொடங்கியபோது பாரெட்டுக்கு 21 வயது. ஆல்பத்தின் 11 பாடல்களில் 8 அவர் தனியாக எழுதியவை. போதையில் தானாகக் கொட்டியவையா இவை? 'மாடில்டா மதர்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதில் இருந்தவை ஹிலேர் பெலோக்கின் சிறுவர் கவிதை வரிகள். உரிமை வைத்திருந்தவர்கள் அனுமதி மறுத்ததும் பாரெட் உட்கார்ந்து வரிகளைப் புதிதாக எழுதினார். இது வேலை தெரிந்தவன் செய்கிற காரியம்.

'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' இன்னும் வேடிக்கை. மேனேஜர் பீட்டர் ஜென்னர், 'லவ்' என்ற அமெரிக்கக் குழு பாடிய பாட்டொன்றை அரைகுறையாக முணுமுணுக்க, பாரெட் அதைக் கிட்டாரில் பிடித்துத் தன் போக்கில் மாற்றினார். மேடையில் நீண்டுகொண்டே போன அந்த வாசிப்பு ஆல்பத்தில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கிட்டார் தந்தியில் ஸ்லைடுக்கு (தந்தி மேல் வழுக்கவிடும் குழாய்) பதிலாக ஸிப்போ லைட்டரைத் தேய்ப்பதும், எதிரொலி எழுப்ப இத்தாலியில் செய்த பின்ஸன் எக்கோ கருவியில் ஒலியைச் சுழலவிடுவதும் அவர் வழக்கம். பீட்டில்ஸின் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்த நார்மன் ஸ்மித்தான் தயாரிப்பாளர். மற்ற பாடல்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும்.

அப்புறம் 'பைக்'. தொடையில் தட்டிக்கொண்டே கேட்டுப் பாருங்கள், கை தடுமாறும். வரியின் நீளத்துக்குத் தக்கபடி தாளக்கணக்கு மாறுகிறது. நிக் மேசனின் டிரம்ஸ் அதைப் பிசகாமல் பின்தொடர்கிறது. விளையாட்டுப் பாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை வாசித்துக் காட்டட்டும்!

பாரெட்டின் சரிவு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆல்பம் வெளிவந்த அதே ஆண்டில் அது தெரிய ஆரம்பித்தது. 1968-இல் குழுவைவிட்டு விலகினார். ஆனால் பின்னால் வந்த துயரத்தை வைத்து முன்னால் செய்த வேலையை அளந்தால், நன்றாக எழுதிய வரியும் நோயின் அறிகுறியாகத்தான் தெரியும்.

ஆகவே, அடுத்த முறை இந்த ஆல்பத்தை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது பாரெட்டின் வாழ்க்கைக் கதையை வைத்து ஆரம்பிக்காதீர்கள். 'லூசிஃபர் சாம்' கிட்டாரைப் போட்டுவிடுங்கள், போதும். அமெரிக்கப் பதிப்பில் 'பைக்' பாட்டையே தூக்கிவிட்டார்களே, அது சரியா என்று வேண்டுமானால் சண்டை போடலாம். நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்