கையில் அடேனா நிற்காத மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தது. பாதிக்கு மேல் புலம்பல்தான். லீனியேஜ் 2 ஆன்லைன் ஆட்டத்தில் வில்லாளியான சில்வர் ரேஞ்சராகி 50-வது லெவலைத் தாண்டியும் பையில் அடேனா, அதாவது ஆட்டத்துக் காசு, நிற்பதில்லை, வேட்டையில் கிடைப்பதெல்லாம் அம்புக்கும் அடியைப் பலமாக்குகிற சோல்ஷாட்டுக்குமே போய்விடுகிறது, அடுத்த கிரேடு வில்லை எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு குத்தல் வேறு: “நீ மட்டும் அந்தக் கட்டைக் குள்ளனை வைத்துக்கொண்டு எப்படிடா கவலையில்லாமல் இருக்கிறாய்?”

சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

முதலில் நம் ஆட்களின் சேதி. பழைய கிளானில், அதாவது நம் கூட்டத்தில், பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். தலைவருக்கு வழக்கம்போல கிரான் கோட்டை மேல்தான் கண். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டு: “நீ வார்ஸ்மித் ஆகியிருந்தால் கதவை உடைக்க ஒரு சீஜ் கோலெம் கிடைத்திருக்கும்.” நான் செத்த மிருகத்திலிருந்து சரக்கு எடுக்கிற பவுண்டி ஹண்டர், கோலெம் என் சரக்கு இல்லை என்று நானும் சலிக்காமல் சொல்கிறேன். காயம் ஆற்றுகிற நம் பிஷப் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அவர் இல்லாமல் எல்லோரும் செத்துச் செத்து எக்ஸ்பியை (அனுபவப் புள்ளிகளை) இழந்துகொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் சேதி.

இனி குள்ளன் கதை.

2003-ல் கொரியாவில் என்சிசாஃப்ட் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது ஐந்து இனங்கள் இருந்தன. மனிதன், எல்ஃப், டார்க் எல்ஃப், ஆர்க் ஆகிய நாலு பேருக்கும் வீரன், மந்திரவாதி என்று இரண்டு வழி. ஐந்தாவது ஆளான குள்ளனுக்கு மந்திரமும் கிடையாது, வில்வித்தையும் கிடையாது. பதிலுக்கு மற்றவர்களுக்கு இல்லாத இரண்டு தொழில்களைக் கொடுத்தார்கள். ஒன்று, செத்த உடம்பிலிருந்து சரக்கு எடுப்பது. இன்னொன்று, அந்தச் சரக்கைக் கொண்டு ஆயுதமும் கவசமும் செய்வது. 20-வது லெவலில் ஸ்கேவெஞ்சரா ஆர்ட்டிசனா என்று முடிவு செய்யவேண்டும். முதல் வழி 40-ல் பவுண்டி ஹண்டர், 76-ல் ஃபார்ச்சூன் சீக்கர். மற்றது வார்ஸ்மித், அப்புறம் மேஸ்ட்ரோ. நான் போனது முதல் வழி.

நீ ஒரு மிருகத்தைக் கொன்றால் உனக்கு ஒரு வரவு. நான் கொன்றால் இரண்டு. அது உயிரோடு இருக்கும்போதே அதன்மேல் ஸ்பாயில் என்கிற வித்தையைப் போடவேண்டும். சில சமயம் முதல் தடவையே பிடிக்கும், சில சமயம் அது உதறிவிடும், மறுபடி போடவேண்டும். பிடித்தால் திரையில் ஒரு வரி வரும். அதற்கப்புறம்தான் உண்மையான அடி. விழுந்ததும், உடம்பு மறைவதற்குள் ஸ்வீப்பர் என்கிற அடுத்த வித்தையைப் போட்டால் எலும்போ தோலோ தாதுவோ நேராகப் பைக்கு வரும். வழக்கமாகத் தரையில் விழுவது தனி, இது தனி. சில நேரம் ஒன்றுமில்லாமலும் போகும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வாய்ப்பு விகிதம் உண்டு, எல்லாம் கைகொடுக்காத நாளும் உண்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதிதாக வருகிற குள்ளன்கள் நல்ல ஆயுதம் கிடைத்ததும் சோல்ஷாட்டைப் போட்டுக்கொண்டே பாய்கிறார்கள். அடி இரட்டிப்பாகிறது, கிரிட்டிகல் என்கிற பலத்த அடி ஒன்று விழுந்தால் ஸ்பாயில் பிடிப்பதற்கு முன்பே ஆள் காலி. எக்ஸ்பி வந்தது, சரக்கு போனது. நான் ஸ்பாயில் பிடிக்கிற வரை சோல்ஷாட்டை நிறுத்தியே வைத்திருப்பேன். அதுவரை மிருகம் என்னை அடித்துக்கொண்டிருக்கும், அடிக்கட்டும். குள்ளனுக்கு அந்த உடம்பு எதற்குக் கொடுத்திருக்கிறார்கள்? கான் என்கிற உடல் உறுதி அதிகம், ஹெச்பி என்கிற உயிர்ப் புள்ளி அதிகம், கனமான கவசத்துக்குள் நின்று தாங்குவான். அவன் அடி உன் வில்லடி மாதிரி கண்ணைப் பறிக்காது. ஆனால் சுத்தியலால் அடித்து மிருகத்தை நிலைகுலைய வைத்து (ஸ்டன்), மெதுவாகத் தட்டி, கீழே உட்கார்ந்து ஹெச்பியை ஏற்றிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் அடுத்ததற்குப் போவான். ஒரு மிருகத்துக்கு ஆகும் செலவு என்று பார்த்தால் அவன்தான் சிக்கனமான ஆள். உனக்கோ ஒவ்வொரு அடிக்கும் ஓர் அம்பு, அதோடு சோல்ஷாட், அதோடு வித்தைகளுக்கான சக்தியான எம்பி. நீ வேகமாகக் கொல்கிறாய், வேகமாகச் செலவும் செய்கிறாய்.

இன்னொரு விஷயம் கேட்டால் சிரிப்பாய். லெவல் வேகமாக ஏறுவது எங்களுக்கு நஷ்டம். உன் லெவலைவிட 9 அல்லது அதற்கு மேல் தாழ்ந்த மிருகத்தை அடித்தால் கிடைப்பது குறைந்துகொண்டே போகும் என்பது இந்த ஆட்டத்தின் விதி. நல்ல சரக்குத் தருகிற இடம் ஒன்று அமைந்துவிட்டால், கூடிய மட்டும் அங்கேயே இருக்கப் பார்ப்போம். க்ரூமா டவர் பக்கம் எல்லோரும் எக்ஸ்பிக்காக முண்டியடித்துக்கொண்டு ஓடும்போது, மூலையில் ஒரு குள்ளன் அவசரமே இல்லாமல் ஒன்றிரண்டைத் தட்டிக்கொண்டிருப்பானே, அவன் சோம்பேறி இல்லை. அவனுக்குக் கணக்குத் தெரியும்.

ஆனால் மச்சான், சரக்கு எடுப்பதால் மட்டும் காசு நிற்பதில்லை. இதுதான் நான் உனக்குச் சொல்ல நினைத்தது. எத்தனையோ ஸ்பாய்லர்கள் உன்னைப் போலவே வெறும் பையோடுதான் திரிகிறார்கள். காரணம், ‘நானே எடுத்தது, எனக்கு இலவசம்’ என்கிற நினைப்பு.

ஸ்டீலை எடுத்துக்கொள். ஐந்து இரும்புத் தாதும் ஐந்து வார்னிஷும் சேர்ந்தால் ஒரு ஸ்டீல். கிரான் நகரச் சந்தையில் தாதும் வார்னிஷும் என்ன விலைக்குப் போகிறதோ அதைக் கூட்டிப் பார்த்தால், பல நாள் அந்தத் தொகை ஒரு ஸ்டீலின் விலையைவிட அதிகமாக இருக்கும். அப்படியும் ஆட்கள் ஸ்டீல் செய்து விற்கிறார்கள்! தாதைத் தாங்களே எடுத்ததால் அது கணக்கில் வருவதே இல்லை. அந்த நாளில் நான் தாதைத் தாதாகவே விற்றுவிட்டு, அவர்களிடமே ஸ்டீலையும் வாங்கி வைத்துக்கொள்வேன். இன்னொரு நாள் விலை தலைகீழாக மாறும், அப்போது செய்ய ஆள் தேடுவேன். பத்து எலும்புக்கு ஒரு கோர்ஸ் போன் பவுடர், ஆறு தோலுக்கு ஒரு லெதர், மூன்று நிலக்கரிக்கும் மூன்று மரக்கரிக்கும் ஒரு கோக்ஸ் என்று எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்: இன்றைக்குப் பச்சையாக விற்பதா, பக்குவம் செய்து விற்பதா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அந்த ரகம்.

மேல் கிரேடு பொருள்களுக்குப் போனால் கணக்கு இன்னும் கடுமை. ரெசிபியில் (செய்முறையில்) வெற்றி வாய்ப்பு 60 சதவீதம் என்று போட்டிருந்தால், பத்தில் நாலு தடவை போட்ட சரக்கெல்லாம் புகை. சராசரியாக ஒரு பொருள் கைக்கு வர 1.67 பங்கு சரக்கு வேண்டும் என்று வைத்துத்தான் விலை சொல்லவேண்டும். அதோடு, தொடர்ந்து இரண்டு தடவை தவறுவதற்கு 16 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. கையில் ஒரே ஒரு செட் சரக்கு வைத்திருப்பவனுக்குச் சராசரியால் என்ன பிரயோஜனம்? ஒரே முயற்சியில் ஓட்டாண்டி. ஆகவே அந்த மாதிரி வேலையை இருப்பு கனமாக உள்ளவர்களுக்கு விட்டுவிட்டு, நான் அவர்களுக்குச் சரக்குக் கொடுப்பவனாகவே இருந்துவிடுகிறேன். சூதாட்டத்தில் எனக்குப் பங்கு வேண்டாம், சாமான் விற்றால் போதும்.

பார்ட்டியைப் பற்றியும், அதாவது குழுவாக வேட்டைக்குப் போவதைப் பற்றியும், கேட்டிருந்தாய். பெரிய பார்ட்டிகளில் ஸ்பாய்லருக்கு மரியாதை கம்மி. நான் ஸ்பாயிலைப் போட்டு முடிப்பதற்குள் மூன்று மந்திரவாதிகள் சேர்ந்து கதையை முடித்துவிடுவார்கள். அப்புறம் பங்கு பிரிக்கிற விதி வேறு. கூப்பிடுகிறவர் முன்கூட்டியே முடிவு செய்கிறார்: எடுத்தவருக்கே, குலுக்கல், ஸ்பாயிலும் சேர்த்துக் குலுக்கல், முறை வைத்து, ஸ்பாயிலும் சேர்த்து முறை வைத்து. அழைப்பு வரும்போதே எந்த விதி என்று திரையில் தெரியும். நான் அதைப் படிக்காமல் சரி என்று அழுத்துவதே இல்லை. ஸ்பாயிலும் சேர்த்து என்று இருந்தால், நான் எடுக்கிற ஒவ்வொன்றும் இன்னும் எட்டு பேர் வரை பங்காகப் போகும் என்று அர்த்தம். கிளான் ஆட்கள் என்றால் சரி, போகட்டும். முன்பின் தெரியாதவர்களுக்கு எதற்கு?

குள்ளனுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் வளைந்து கொடுப்பார்கள். கிரிஸ்டல் ஆக்குவது. நாம் ஆடும் இந்தப் பழைய விதிகளில் ஓர் ஆயுதத்தை உடைத்துக் கிரிஸ்டலாக்கக் குள்ளனால்தான் முடியும். மேல் கிரேடு பொருள்களுக்கும் சோல்ஷாட்டுக்கும் கிரிஸ்டல் வேண்டும். அதற்காக முன்பின் அறியாத ஒருவர் என்னிடம் வந்து, தன் விலையுயர்ந்த கத்தியை டிரேட் ஜன்னலில் வைத்து, என் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சில நொடிகளில் அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். கிரிஸ்டல் அவர் பைக்குப் போனதும் வரும் நன்றியில் பெரிய நிம்மதி தெரியும். இந்த ஆட்டத்தில் நான் சேர்த்த சொத்துகளிலேயே பெரியது அதுதான் என்பேன். என் பெயரைத் தேடி வருகிறார்கள், வருகிற கையோடு எலும்பையும் தோலையும் என்னிடமே விற்றுவிட்டுப் போகிறார்கள். ஓடிப்போகிற குள்ளனுக்கு அன்றைக்கு ஒரு கத்தி லாபம், அதற்கப்புறம் யாரும் அவன் கடைப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

பட்டறை போடுகிற வார்ஸ்மித்துகளுக்கு அந்தத் தொல்லை குறைவு. சரக்கு வாடிக்கையாளர் பையிலேயே இருக்கும், குள்ளன் தன் எம்பியையும் ரெசிபியையும் மட்டும் கொடுத்துக் கூலி வாங்குவான். எம்பி தீர்ந்தால் தானாக ஏறும் வரை எல்லோரும் காத்துக் கிடக்கவேண்டும்.

ஆட்டத்தின் கதைப்படியும் குள்ளர்கள் இப்படித்தான். பூமித் தாய் மாஃப்ரின் பிள்ளைகள், யார் கை ஓங்குகிறதோ அவர் பக்கம் சாய்ந்து சாய்ந்து கடைசியில் எல்லோராலும் ஒதுக்கப்பட்டு மலைக்குள் போனவர்கள். நல்ல பெயர் இல்லாத இனம்தான். ஆனால் எந்த நகரத்துக்குப் போனாலும் கிடங்குக் காவலுக்கு உட்கார்ந்திருப்பது யார்? குள்ளன்தான். திட்டிக்கொண்டே எல்லோரும் சாமானை அவனிடம்தான் கொடுத்து வைக்கிறார்கள்.

உனக்கு வருகிறேன். நானும் குள்ளனாக மாறிவிடட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் என்பேன். உனக்கு அந்தப் பொறுமை கிடையாது, இரண்டாம் நாளே சுத்தியலைக் கீழே போட்டுவிடுவாய். ஸ்பாயில் ஆசை இருந்தால் 75-ல் சப்கிளாஸாக (இரண்டாவது தொழிலாக) பவுண்டி ஹண்டரை எடுத்துக்கொள்ளலாம், எல்ஃபுக்கும் தருவார்கள். வார்ஸ்மித்தைத் தரமாட்டார்கள், அதற்குக் குள்ளனாகவே தொடங்கவேண்டும். அது பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு ஒரு காரியம் செய். வேட்டை முடிந்து திரும்பியதும் பையில் இருக்கிற தோல், எலும்பு, நூல், தாது எல்லாவற்றையும் கடைக்காரியிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு அம்பு வாங்குகிறாய் அல்லவா? அதை நிறுத்து. இடம் போதாது என்பாய். உன் பையில் 80 இடம், என் பையில் 100. உன் கிடங்கில் 100, என்னுடையதில் 120. பாரமும் நான் உன்னைவிட அதிகம் தாங்குவேன். நீ பாதிப் பாரத்தைத் தாண்டினாலே ஹெச்பி ஏறுவது குறைந்துவிடும். என்னைக் கூட வைத்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், சனிக்கிழமை இரவு வா. நீ தூரத்திலிருந்து ஓர் அம்பு விட்டு மிருகத்தை இழு, அது வந்து சேர்வதற்குள் நான் அதன்மேல் ஸ்பாயில் போடுகிறேன், அது என்னை அடிக்கட்டும், நீ பின்னாலிருந்து முடித்துவை. தரையில் விழுகிற அடேனா முழுக்க உனக்கு. ஸ்பாயில் எனக்கு. தோலும் எலும்பும் உன் பைக்கு வந்தால் கிரான் விலையில் ஐந்து சதவீதம் தள்ளி நானே வாங்கிக்கொள்கிறேன். நண்பன் என்பதற்காக முழு விலை கேட்காதே, சுமந்துகொண்டு போய்க் கடை விரித்து ராத்திரி முழுக்க உட்காரப் போவது நான்.

ஒரே நிபந்தனை. ஸ்பாயில் பிடித்தது என்று நான் சொல்கிற வரை சோல்ஷாட்டைத் தொடாதே.

உன்,
மாப்ளே