செயலாளர் ஆண்டறிக்கை: டிவோலி நத்தார் ஒளி அலங்காரப் பயணம்

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

தமிழ்ப் பாடசாலை, வாணி விழா, கோடைகால விளையாட்டுப் போட்டி மூன்றும் வழமைபோல நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மார்கழியில் கொப்பன்கேகன் டிவோலிக் கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்ற பயணத்தை மட்டும் விரிவாகப் பதிகிறேன். அடுத்த நிர்வாகசபைக்குத் திட்டமிட இது உதவும்.

முதல் விடயம் பேருந்து. டென்மார்க்கின் யூலண்ட் நடுப்பகுதியிலிருந்து தலைநகர் கொப்பன்கேகன் சுமார் 300 கிலோமீற்றர். இடையில் ஒருமுறை நிறுத்தினால் நாலு மணித்தியாலத்துக்குக் குறையாது. ஐரோப்பியச் சட்டப்படி சாரதி நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். நாளொன்றுக்குப் பொதுவாக 9 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்ட முடியாது. இதைவிட இறுக்கமானது அன்றாட ஓய்வு. வழமையான ஓய்வு 11 மணித்தியாலம். அதை 9 ஆகக் குறைத்தால் சாரதியின் வேலைநாள் 15 மணித்தியாலம் வரை நீளும். அந்தக் கணக்கு நாங்கள் ஏறும்போது அல்ல, அவர் தரிப்பிடத்திலிருந்து வண்டியை எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அவர் 10 மணிக்கு எடுத்தால், நாங்கள் 10.15 இற்கு வெளிக்கிட்டு, 2.30 இற்கு இறங்கி, இரவு 8 மணிக்குத் திரும்பவும் ஏறியே ஆகவேண்டும். நள்ளிரவு கடந்து ஊர் சேர்ந்து, 1 மணிக்குள் வண்டி தரிப்பிடம் போகவேண்டும். எங்கள் ஆட்களின் 'அரை மணித்தியாலம்தானே' என்பது இங்கே செல்லாது. நேரம் கூடுதலாக வேண்டுமென்றால் இரண்டாவது சாரதிக்கும் பணம் ஒதுக்குங்கள்.

வழியில் கடலைக் கடக்கும் பெரிய பெல்ற் பாலம் 18 கிலோமீற்றர்; புயற்காற்றுக்கு மூடப்படுவதும் உண்டு. நுழைவுச்சீட்டோ குறித்த திகதிக்கு உரியது. எனவே சீட்டை முதலில் வாங்கிவிட்டுப் பேருந்தைத் தேடக்கூடாது. பேருந்து உறுதியான பின், காற்று முன்னறிவிப்பையும் பார்த்து, கடைசி நாட்களில் வாங்குவதே நல்லது.

திகதியைப் பற்றி என் கருத்து: மார்கழிச் சனிக்கிழமைகள் வேண்டாம். டிவோலி 1843 இல் திறந்தாலும் நத்தார் காலத்தில் திறப்பது 1994 இலிருந்துதான். நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி தொடக்கம் வரை நடக்கும். டிசம்பர் முதல் வாரங்களின் வெள்ளி, சனி இரவுகளில் அலுவலக நத்தார் விருந்துக்காரரும் சேர்ந்து நகரமே நெரிசலாகிவிடும். எங்கள் வீடுகளிலோ பெருங்கதை, திருவெம்பாவை என விரதங்கள். ஞாயிறு என்றால் அடுத்தநாள் பாடசாலை. ஆகவே நவம்பர் மூன்றாம் அல்லது நாலாம் சனிக்கிழமைதான் பொருத்தம். அப்போதும் 4 மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும், வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

உள்ளே போனதும் பிள்ளைகள் ஊஞ்சல் முதலான சவாரிகளை நோக்கி ஓடுவார்கள். பெரியவர்கள் ஏரிக்கரைக்கு வாருங்கள். பழைய நகர அகழியின் எச்சமே இந்த ஏரி. சூரியன் மறைந்து முக்கால் மணித்தியாலம் வரை வானத்தில் நீலம் நிற்கும். விளக்குகளும் அவற்றின் நீர்நிழலும் சேர்ந்து படத்தில் விழுவது அப்போதுதான். முழு இருட்டில் கைபேசிக் கமெரா விளக்குகளை வெறும் வெள்ளைப் பொட்டுகளாக்கிவிடும். 1909 இல் கட்டப்பட்ட நிம்ப் கட்டடத்தின் முகப்பையும் தவறவிடாதீர்கள். கூசும் வெளிச்சம் இல்லாமல், மஞ்சள் சாயலான சிறு குமிழ்களை அடுக்குவதே இங்குள்ள வழக்கம். விளக்கு வடிவமைப்பாளர் போல் ஹென்னிங்சன் இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் இப்பூங்காவின் கட்டடக்கலைஞராக இருந்தார். இருட்டடிப்புச் சட்டத்தை மீறாமல் நள்ளிரவுவரை பூங்காவைத் திறந்து வைக்க, மேலே ஒளி கசியாத விளக்கொன்றை அவர் அமைத்தார். பலர் இதை அறியாமலே கடந்துபோகிறார்கள்.

சவாரிகளுக்கான நாள்சீட்டை எல்லோருக்கும் வாங்குவது வீண்செலவு. ஒளி பார்க்க நுழைவுச்சீட்டே போதும். ஏறப்போகும் பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே எடுத்து, அவர்களுக்கு மட்டும் வாங்குங்கள். சவாரிகளுக்கு உயர வரம்பு உண்டு, பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து வாருங்கள். வாசலில் அழுகை இராது. 1914 இல் கட்டிய மர உருளிப்பாதையில் (ரோலர் கோஸ்டர்) தடை (பிரேக்) பிடிப்பவர் வண்டியிலேயே கூட வருவார். ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். 80 மீற்றர் உயரச் சங்கிலி ஊஞ்சல் பலத்த காற்றில் நிறுத்தப்படும் என்பதால், அதை முதலில் முடித்துவிடுங்கள்.

குளிர் பூச்சியத்துக்குச் சற்று மேலே நிற்கும். பனியைவிட மழைதான் தொல்லை. இரண்டு சோடி காலுறையை இறுக்கமான சப்பாத்துக்குள் திணித்தால் கால் இன்னும் குளிரும், சூடு தங்கக் காற்றிடைவெளி இருக்காது. ஒரே சோடி கம்பளிக் காலுறையும் அரை அளவு பெரிய சப்பாத்தும் போதும். ஜீன்ஸ் நனைந்தால் இரவுவரை காயாது. சேலைதான் உடுப்போம் என்பவர்கள் உள்ளே கம்பளிக் காற்சட்டை அணியுங்கள், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. குளிரில் கைபேசி மின்கலம் சட்டென இறங்கும்; உட்சட்டைப் பையில் வையுங்கள்.

உணவில் கவனிக்க: 'குளொக்' என்னும் சூடான பானம் வைனில் செய்வது, மது இல்லாததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். 'ஏபில்ஸ்கீவர்' உருண்டைகளில் முட்டை இருக்கிறது. இறைச்சிச் சாண்ட்விச் என்றால் பெரும்பாலும் பன்றி. கறுவாவும் சீனியும் தூவிய பாற்சோறு மரக்கறிக்காரருக்குச் சரி.

கூட்டத்தில் பிள்ளை தவறினால் கூடும் இடம் பிரதான வாசலுக்கு அருகிலுள்ள பன்ரமைம் (ஊமை நாடக) அரங்கு. 1874 இல் கட்டிய, மயில்தோகைத் திரையுள்ள அரங்கு என்பதால் அடையாளம் இலகு. நாலு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் பொறுப்பு. தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் மணிக்கட்டில் எழுதுங்கள். அட்டையில் எழுதி மேலங்கிப் பையில் வைத்தால், மேலங்கியோடு அதுவும் எங்கோ கிடக்கும்.

நவம்பர்ச் சனிக்கிழமைகளுக்குப் பேருந்துகள் முன்கூட்டியே போய்விடுகின்றன. 50 ஆசன வண்டியையும், ஓய்வைக் குறைக்கச் சம்மதிக்கும் சாரதியையும் ஓகஸ்ட் மாதத்துக்குள் எழுத்தில் உறுதிசெய்ய இப்பொதுச்சபை அனுமதி தரவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்