பாகலூர் ரோட்டு மனையில் போர்ஷன் கட்டுங்கள், அப்பா

ஆக்லாந்து,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

ஓசூரில் நம் பாகலூர் ரோட்டு மனையில் ஒரே பெரிய பங்களாவாகக் கட்டுவதா, நாலு போர்ஷனாகக் கட்டி வாடகைக்கு விடுவதா என்று மாமாவுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லையாமே. நான் தம்பி கட்சி. ஏன் என்று போனில் அவசரமாகச் சொன்னால் புரியாது என்றுதான் எழுதுகிறேன்.

இந்த நியூசிலாந்து நாட்டு ஜனத்தொகையே ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு ஆக்லாந்தில். வேலை இங்கேதான் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் பெரும்பாலும் இங்கேதான் தங்குகிறோம். அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கால் ஏக்கர், நம் கணக்கில் 25 சென்ட், நடுவில் ஒரு மரவீடு, சுற்றிலும் புல் என்று இருந்திருக்கிறார்கள். பல தெருக்களில் அதற்குமேல் நெருக்கிக் கட்ட விதி இடம் கொடுக்கவில்லை. ஜனம் பெருகிக்கொண்டே போனது, வீடு பெருகவில்லை. விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

2016-இல் மாநகராட்சி புதிய நகரத் திட்டம் கொண்டுவந்தது. குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் முன்பைவிட அதிக வீடு கட்டலாம் என்றார்கள். அந்த வருடம் சுமார் 10,000 வீடுகளுக்கு அனுமதி கொடுத்த ஊர், 2022-இல் 21,000-க்கும் மேல் கொடுத்தது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். நைட் டூட்டி முடிந்து வரும்போது, எதிர்ப்புறத்துப் பழைய மரவீட்டை நடுவில் அறுத்து, இரண்டு துண்டாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அறுத்த பக்கத்தில் படுக்கையறைச் சுவரின் பூப்போட்ட காகிதம் அப்படியே தெரிந்தது. இங்கே வீட்டையே தூக்கிப்போய் வேறு ஊரில் வைத்துவிடுகிறார்கள்! ஒரு குடும்பம் இருந்த அந்த மனையில் இப்போது மாடிவீடுகள் ஆறு. அதில் ஒன்றில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். முன்பு இருந்த வீட்டில் சுவரெல்லாம் பூஞ்சணம், குழந்தைக்குக் குளிர்காலம் முழுக்க இளைப்பு. இங்கே வந்தபின் இளைப்பு மருந்தைத் தொடவே இல்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மரங்கள் போய்விட்டன, கார் நிறுத்தத் தெருவில் இடமில்லை, வாடகைக்கே சம்பளத்தில் பெரும்பங்கு போகிறது. ஆனால் இந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் வாடகை இன்னும் ஏறியிருக்கும் என்று ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். நான் அதை நம்புகிறேன்.

இப்போது நம் ஓசூரைப் பாருங்கள். 2019-இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் ஒருபக்கம், பெங்களூர் வாடகை கட்டாமல் அத்திப்பள்ளி எல்லை தாண்டி இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒருபக்கம். லைன் வீட்டில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கிறார்கள். அதே ரோட்டில் மாந்தோப்பை அழித்து மனை போட்டு, கல் நட்டதோடு சரி, வருடக்கணக்காக வேலிக்காத்தான் முளைத்துக் கிடக்கிறது. காசை முடக்க வாங்கிப் போட்ட மனையில் யார் குடியிருக்க முடியும்? எனக்கு வயிறெரிகிறது, அப்பா. நம் மனையும் இத்தனை நாள் அப்படித்தானே கிடந்தது.

பங்களா கட்டினால் ஊரில் கௌரவம் என்று மாமா சொல்வார். நீங்களும் அம்மாவும் இரண்டு பேர். கீழ்வீட்டில் நீங்கள் இருங்கள், மற்ற மூன்றில் குடும்பங்கள் இருக்கட்டும். ராத்திரி ஒரு ஆத்திரம் அவசரம் என்றால் குரல் கொடுக்க ஆள் இருக்கும்.

ஒவ்வொரு போர்ஷனுக்கும் இரண்டு பக்கம் ஜன்னல், தனி பாத்ரூம், தனி கரண்ட் மீட்டர் வையுங்கள். போர் தண்ணீர் நாலு வீட்டுக்குப் போதுமா என்று முதலில் பாருங்கள். பெங்களூரில் கேட்பதுபோல் பத்து மாத அட்வான்ஸ் நாம் கேட்க வேண்டாம். இங்கே பொதுவாக அதிகபட்சம் நாலு வார வாடகைதான். அதையும் வீட்டுக்காரர் கையில் வைத்துக்கொள்ள முடியாது, அரசாங்கத்திடம் கட்டிவிட வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் கையில் காசில்லாமல் வீடு தேடுவது என்னவென்று எனக்குத் தெரியும்.

மேல்தளத்துக் கான்கிரீட் செலவு என்னுடையது. பிளான் அப்ரூவல் கைக்கு வராமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். இன்ஜினியர் போட்ட வரைபடத்தைத் தம்பியிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், மாமாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்